சவேரியாரும் சேவியரும்
பெயரின் ஓசையில் மறைந்திருக்கும் ஒரு வரலாறு

நம் ஆற்றின் பெயரை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்ப்போம். தா-மி-ர-ப-ர-ணி. ஆறு அசைகள். வடமொழியில் இப்பெயர் தாம்ரபர்ணீ. அங்கே தாம்-ர-பர்-ணீ என நான்கே அசைகள். மகரத்தையும் ரகரத்தையும் ஒட்டிச் சொல்லத் தமிழ் நாவு விரும்பவில்லை; இடையே ஓர் இகரத்தை வைத்தது. ரகரத்தையும் ணகரத்தையும் ஒட்டிச் சொல்லவும் விரும்பவில்லை. இடையே ஓர் அகரத்தை வைத்தது. பொருநை என்னும் தன் பழம்பெயரை விட்டுவிடாமலே, வந்த பெயரையும் தன் நடைக்கு ஏற்பத் தளர்த்திக்கொண்டு ஓடுகிறது நம் ஆறு.

வெளியிலிருந்து வரும் சொல்லைத் தமிழ் அப்படியே விழுங்குவதுமில்லை. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதுமில்லை. அதன் அசைகளைப் பிரித்து, தன் இலக்கணத்தின்படி மீண்டும் அடுக்கிக்கொள்கிறது. அப்படி அடுக்கும்போது எதைக் காக்கிறது, எதை விடுகிறது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் புனிதர்களின் பெயர்களையும் நம் வீட்டுச் சொற்களையும் பார்த்தால், பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை வாழ்ந்த நம் முன்னோரின் காது எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும்.

இலத்தீனின் அழுத்தம், தமிழின் நீட்டம்

முதலில் ஓர் இலக்கணக் குறிப்பு. ஒரே மூச்சில் சொல்லப்படும் ஓசைத் துண்டையே இங்கு அசை என்கிறோம். யாப்பில் வரும் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலத்தீனில் ஒவ்வொரு சொல்லிலும் ஏதேனும் ஓர் அசை மற்றவற்றைவிட அழுத்திச் சொல்லப்படும். அது எந்த அசை என்பதற்குத் தெளிவான விதி உண்டு. ஈரசைச் சொல்லில் முதலசை அழுத்தம் பெறும். அதைவிட நீண்ட சொல்லில் ஈற்றயல் அசையைப் பார்க்க வேண்டும். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே விழும். இல்லையேல் அதற்கு முந்திய அசைக்குப் போகும். குருமடத்தில் இலத்தீன் கற்ற அனைவரும் இதை அறிவர். இலத்தீன் திருவழிபாட்டு நூல்களில் மூன்றும் அதற்கு மேலும் அசையுள்ள சொற்களின்மேல் சிறு கோடு இட்டிருப்பது, உரக்க வாசிப்பவர் தடுமாறாமல் இருப்பதற்காகவே.

தமிழில் இத்தகைய அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நமக்குப் பொருளைப் பிரித்துக் காட்டுவது குறில் நெடில் வேறுபாடு. கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. எனவே அயலார் ஓர் அசையை அழுத்திச் சொன்னபோது தமிழ்க் காது அதை நீட்டமாகக் கேட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கும்.

இலத்தீனில் க்ஸவேரியுஸ் என்னும் பெயரில் ‘வே’ என்னும் அசை அழுத்தம் பெறும். நாம் சவேரியார் என்கிறோம். அந்தோனியுஸ் என்பதில் அழுத்தம் ‘தோ’வில். நாம் அந்தோனியார் என்கிறோம். இஞ்ஞாசியாரின் மூலப்பெயரில் அழுத்தம் ‘னா’வில். நம் நாவில் அது ‘ஞா’வாக நீண்டு நிற்கிறது. செபஸ்தியானுஸ் என்பதில் அழுத்தம் ஈற்றயல் அசையான ‘ஆ’வில். நம் ஊர்களில் அவர் செபஸ்தியானார். லாசருஸ் என்பதில் அழுத்தம் முதலசையில். நமக்கு அவர் இலாசர். முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்தும், அழுத்தம் பெற்ற ‘லா’ குறுகவில்லை. உரோமை நகரின் பெயரிலும் அதே கதைதான்: முன்னே ஓர் உகரம் வந்தது, ‘ரோ’ நெடிலாகவே நின்றது.

இலத்தீனில் அந்த உயிர் இயல்பாகவே நெடிலாக இருந்திருக்கலாமே, அதைத்தானே தமிழர் கேட்டனர் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இதற்கு விடை நம் திருச்சபையின் பெயரிலேயே இருக்கிறது. கத்தோலிக்கம் என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திலும் இலத்தீனிலும் அந்த ஒகரம் குறில். ஆனால் இலத்தீனில் அழுத்தம் அதன்மேல் விழுகிறது. தமிழ் அதை ‘தோ’ என்று நீட்டியது. அப்போஸ்தலர் என்னும் சொல்லில் வரும் ‘போ’வும் அப்படியே. பாஸ்கா என்பதில் வரும் ‘பா’வும் அப்படியே. மூலத்தில் குறிலாக இருந்தவை, அழுத்தம் பெற்ற ஒரே காரணத்தால் தமிழில் நெடிலாயின. நம் முன்னோர் கேட்டது உயிரின் அளவை அன்று, சொன்னவரின் அழுத்தத்தை.

கடற்கரையில் கேட்ட ஓசை

இவ்வோசைகள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்து நேரே வரவில்லை. போர்த்துக்கீசியர் வாய் வழியாக வந்தன. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, செபங்களை வாய்ப்பாடமாகக் கற்பித்தார். எழுத்தறியாத மக்கள் காதால் கேட்டு வாயால் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டனர்.

போர்த்துக்கீசியம் இலத்தீனின் மகள். தாயின் ஈறுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டாலும், அழுத்தம் விழும் இடத்தைப் பொதுவாக அவள் மாற்றவில்லை. ஆகவே வீட்டுச் சொற்களிலும் அதே தடத்தைக் காண்கிறோம். இலத்தீனின் அர்மாரியும் போர்த்துக்கீசியத்தில் அர்மாரியோ ஆயிற்று. நம் வீட்டில் அது அலமாரி. அழுத்தம் பெற்ற ‘மா’ மூன்று மொழிகளிலும் நிமிர்ந்து நிற்கிறது. மேசை, சாவி, பேனா ஆகியவற்றின் முதலசை நீண்டிருப்பதும் இதனால்தான். பாத்ரே என்னும் ஈரசைச் சொல் பா-தி-ரி என மூன்று அசையானது. தாமிரபரணியில் நடந்தது போலவே இங்கும் ஒட்டிய மெய்கள் பிரிக்கப்பட்டன. மேஸ்திரியும் அப்படியே. குருஸ் என்று ஓரசையில் ஒலித்த சொல் கு-ரு-சு ஆயிற்று. கடற்கரைக் குடும்பப் பெயர்களில் பர்னாந்து, மச்சாது, கொரேரா என்பவற்றையும் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் விழுந்த இடமெல்லாம் நெடில்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் நெடுங்காலம் உழைத்தவர் அண்டிரிக்கு அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக் என்றிக்கஸ். அவர் 1520இல் பிறந்து 1600இல் இறந்தார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்கள் அவருடையவை: 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியாணி வணக்கம்’, பின்னர் 1586இல் ‘அடியார் வரலாறு’. இடையே 1580இல் வந்த பாவசங்கீர்த்தன நூலின் பெயர் ‘கொம்பெசியொனாயரு’. இன்று படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் உற்று நோக்குவோம். போர்த்துக்கீசியச் சொல்லில் அழுத்தம் ‘னா’வில் விழுகிறது. இத்தனை நீண்ட சொல்லில் ஆகார நெடில் பெற்று நிற்கும் ஒரே அசை அந்த ‘னா’தான்.

அக்கால எழுத்தில் ஒரு குறை இருந்தது. ஆகார நெடிலைக் காட்டத் துணைக்கால் உண்டு. ஆனால் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்டக் குறிலின்மேல் புள்ளி இடுவதே மரபு. ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். அப்படியானால் ‘அந்தொனி’ என்று எழுதியிருப்பதைக் குறிலாகவும் படிக்கலாம், நெடிலாகவும் படிக்கலாம். ‘சவெரி’யும் அவ்வாறே. இன்று நாம் எழுதும் ேகார, ோகார வடிவங்களை நிலைநிறுத்தியவர் என்று போற்றப்படுபவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர். 1680இல் பிறந்த அவருடைய காலம் பதினெட்டாம் நூற்றாண்டு. முதல் திருமுழுக்குக்கும் அவர் காலத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது. அவ்வளவு காலமும் சவேரியாரின் ‘வே’யையும் அந்தோனியாரின் ‘தோ’வையும் காத்தது ஏடன்று. மாலையில் விளக்கேற்றிச் செபம் சொன்ன தாய்மாரின் நாவே காத்தது.

ஒல்லாந்தர் வந்தபோது

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் சீர்திருத்தச் சபையினர். அவர்களோடு வந்த பால்தேயு என்னும் போதகர், 1672இல் வெளியிட்ட தம் நூலில் தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் ஐரோப்பியருக்கு அச்சில் காட்டினார். ஆனால் பரதவர் தம் பழைய விசுவாசத்தை விடவில்லை. பழைய உச்சரிப்பையும் விடவில்லை. புதிய ஆட்சியாளரின் பெயரையே அவர்கள் போர்த்துக்கீசிய முறையில்தான் சொன்னார்கள். ஒல்லாந்தர் தம் நாட்டின் பெயரை முதலசையில் அழுத்துவர். போர்த்துக்கீசியர் இரண்டாம் அசையில் அழுத்துவர். நாம் ‘லா’வை நீட்டி ஒல்லாந்து என்கிறோம். ஆண்டவர்களுக்கு அவர்களுடைய பகைவரின் ஓசையிலேயே பெயரிட்ட மக்கள் நம்மவர்.

ஒல்லாந்த மொழி இலத்தீனின் மகள் அன்று, சேர்மானியக் குடும்பத்தது. ஆயினும் இலத்தீன் சொற்களை ஏராளமாகக் கடன் வாங்கியது. அதில் இரு காலங்களின் அடுக்குகளைக் காணலாம். மிகப் பழைய கடன்களில் அம்மொழி தன் வழக்கப்படி அழுத்தத்தை முதலசைக்கு இழுத்துக்கொண்டது. சன்னலைக் குறிக்கும் ஃபெனெஸ்திரா என்னும் இலத்தீன் சொல்லில் அழுத்தம் ‘னெஸ்’ஸில்; ஒல்லாந்தத்தில் அது ஃபென்ஸ்டர், அழுத்தம் தலையில். பிற்காலக் கடன்களிலோ அழுத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. இயற்கையைக் குறிக்கும் நாத்தூரா அங்கே நாத்தூர் ஆனது. ஈறு உதிர்ந்தும் ‘தூ’ அழுத்தத்தை இழக்கவில்லை. இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. ஒருமையில் புரொஃபெஸ்ஸர் என்று நடு அசையை அழுத்துபவர்கள், பன்மையில் புரொஃபெஸ்ஸோரன் என்று அடுத்த அசைக்கு அழுத்தத்தை நகர்த்துகிறார்கள். இலத்தீனில் நகர்வதும் அப்படியே. கடன் வாங்கியவர் சொல்லோடு அதன் நடையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

ஒல்லாந்தர் வழியாகத் தமிழுக்கு வந்த இலத்தீன் உறவுச் சொற்கள் சிலவே. அவை இலங்கைத் தமிழில் வாழ்கின்றன. ஆவணம் எழுதும் அலுவலரை அங்கே நொத்தாரிசு என்பர். ஒல்லாந்தத்தில் நோ-தா-ரிஸ், அழுத்தம் ‘தா’வில். அது நெடிலாக நிற்க, தகரம் மெலியாதிருக்க இரட்டித்தது. அதனால் முதலசை ‘நொத்’ என்று மூடிக்கொண்டது. இறுதியில் குற்றியலுகரம் ஒன்று வந்து சொல்லைத் தமிழாக்கியது. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்னும் சொல்லும் அத்தகையதே. கணக்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஒல்லாந்துக்குச் சென்றது அது. பிரெஞ்சு முறைப்படி அழுத்தம் இறுதி அசையில். நம்மவர் நீட்டியதும் இறுதி அசையான ‘தோர்’ என்பதையே.

கத்தோலிக்கம் என்னும் சொல்லையும் ஒல்லாந்தர் இறுதி அசையில் அழுத்திச் சொல்வர். அவர்கள் வாயிலிருந்து நாம் அதைப் பெற்றிருந்தால், ‘கத்தொலீக்கு’ என்றோ வேறு விதமாகவோ இன்று சொல்லிக்கொண்டிருப்போம். ‘தோ’ நீண்டு நிற்பதே, ஒல்லாந்தர் வருமுன் இச்சொல் நம் நாவில் குடியேறியதற்கு ஒரு சான்று.

விதிக்கு அடங்காதவை

எல்லாச் சொற்களும் இவ்விதிக்கு அடங்குமென்று நாம் சொல்லவில்லை. அன்னையின் பெயரில் இலத்தீன் அழுத்தம் ‘ரி’யில், நாமோ மரியா என்று குறிலாகவே சொல்கிறோம். இகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே யகர உடம்படுமெய் புகுந்ததும் சொல்லின் கனம் ‘யா’வுக்குச் சென்றுவிட்டது. போர்த்துக்கீசிய ஜனேலா நம்மிடம் சன்னலாகி, நடு அசையின் அழுத்தத்தை இழந்தது. இலங்கைத் தமிழரின் கதிரையும் அப்படியே. இஸ்பிரீத்து என்னும் பழைய செபச் சொல்லில் அழுத்தம் ‘பி’யில் இருந்திருக்க வேண்டும், நம் முன்னோர் ‘ரீ’யை நீட்டினர். சூசையப்பரின் பெயரில் ஈற்றழுத்தம் மறைந்து முதலசை நீண்டது. மக்கள் நாவு இயந்திரம் அன்று. ஆயினும் விலகுபவற்றைவிடப் பொருந்துபவை பல.

ஓசையைக் காப்பதை விடுத்துப் பொருளைக் காத்த வழியும் நம்மிடம் இருந்தது. பவுலுஸ் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். ஸ்தேபான் என்றால் முடி, ஆகவே முடியப்பர். யோவான் என்பதில் இறையருள் உண்டு, ஆகவே அருளப்பர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றார். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என ஓசை வழிக்குத் திரும்பியது. இரு வழிகளும் நம் வழிகளே.

பதிவேட்டில் நேர்ந்த மாற்றம்

மூன்றாவது ஓர் ஓசை பள்ளிக்கூடம் வழியாக வந்தது. அது ஆங்கிலம். ஆங்கிலேயர் க்ஸேவியர் என்பதில் முதலசையை அழுத்துவர். நமக்குச் சேவியர் கிடைத்தார். அந்தோனியில் முதலசையை அழுத்துவர், ஆண்டனி கிடைத்தார். செபஸ்தியானில் இரண்டாம் அசையை அழுத்துவர், செபாஸ்டியன் கிடைத்தார். மிக்கேல் மைக்கேல் ஆனார். நெடில் இடம் மாறியது. தகரம் டகரமாயிற்று. நீட்டும் விதி மட்டும் மாறவில்லை. இப்போதும் தமிழ்க் காது அழுத்தத்தை நீட்டமாகவே கேட்கிறது. கேட்ட வாய்தான் வேறு. ஆகவே ஒரு குடும்பத்தின் பதிவேட்டைப் புரட்டினால் தாத்தா சவேரியார், பேரன் சேவியர். புனிதர் ஒருவரே; ஓசை இரண்டு; அவற்றுக்கு இடையே நம் நாட்டின் நானூறு ஆண்டு வரலாறு.

சேவியர் என்பது தவறன்று. அதுவும் தமிழ் தனக்கே உரிய விதிப்படி ஆக்கிக்கொண்ட சொல்தான். பிள்ளைக்கு அப்பெயர் வைப்போரைக் குறை சொல்வதும் நம் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறு. சவேரியார், இஞ்ஞாசி, செபஸ்தியான் என்று சொல்லும் பாட்டியைப் பார்த்துப் படித்த பேரப்பிள்ளைகள் புன்னகைக்கிறார்கள். ‘அப்படிச் சொல்லக் கூடாது பாட்டி, செபாஸ்டியன் என்று சொல்லுங்கள்’ என்று திருத்துகிறார்கள். பாட்டியும் நாணி வாயை மூடிக்கொள்கிறார். நாட்டுப்புறத்துப் பேச்சு என்று நாம் ஒதுக்கும் அந்த உச்சரிப்பு, உரோமையின் உச்சரிப்புக்கு நம்முடையதைவிட நெருக்கமானது. இலத்தீன் நூலில் எந்த அசையின்மேல் கோடு இட்டிருக்கிறதோ, அதே அசையைத்தான் எழுத்தறியாத அந்தத் தாய் நீட்டுகிறார்.

உச்சரிப்பை வைத்து மனிதரை அளப்பது பழைய கொடுமை. நீதித் தலைவர்கள் நூலில், யோர்தான் துறையில் ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க முடியாத காரணத்தால் எப்ராயிமர் வெட்டுண்டனர். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சே. ஆயினும் பெந்தகோஸ்தே நாளில் எருசலேமில் நின்று பேசியவர்கள் அதே கலிலேயர். அவர்களின் பேச்சைத் திருத்திவிட்டுத் தூய ஆவியார் அவர்கள்மேல் இறங்கவில்லை.

நம் பங்குகளில் முதியோர் சொல்லும் பழைய செபங்களையும் பெயர்களையும் அவர்கள் உச்சரிக்கும் விதமாகவே இளைஞர்கள் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். திருமுழுக்குப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். பேரன் சேவியராகவே இருக்கட்டும். தாத்தா ஏன் சவேரியார் ஆனார் என்பதை மட்டும் அவன் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்தபின் பாட்டியைத் திருத்த மாட்டான். அருகில் அமர்ந்து கேட்பான்.